முப்பிடாதியின் இடது அக்குள்

ஜூன் 3, திங்கள்

ஆட்டோகிளேவின் ரப்பர் வளையம் மறுபடியும் போய்விட்டது. போன மாதம்தான் மாற்றினோம். கத்தி, கத்தரிக்கோலெல்லாம் அவிக்க இப்போது சின்னப் பெட்டிதான் கதி. மெக்கானிக்கைக் கூப்பிட்டால், “வெளியூர்ல இருக்கேன் சிஸ்டர், வெள்ளிக்கிழமை வாரேன்” என்கிறான். எந்த வெள்ளிக்கிழமை என்று அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. காலையில் ஒரு குடலிறக்கம், ஒரு அப்பெண்டிக்ஸ்.

பதினொரு மணிக்கு முப்பிடாதி வந்தாள். தியேட்டர் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுச் சுவரோரமாக நின்றாள். இந்தச் செண்பகம் டிரஸ்ட் ஆஸ்பத்திரியில் நான் முப்பத்தோரு வருஷமாக ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். இந்த ஊரில் பாதிப் பேருடைய வயிற்றுக்குள் பார்த்திருக்கிறேன், கடைவீதியில் எதிரே வந்தால் ஒருத்தரையும் தெரியாது. முப்பிடாதியை மட்டும் தூரத்திலேயே தெரியும். அவளுடைய கை அப்படி.

ஆறு வருஷத்துக்கு முன்னால் இங்கேதான் அவளுக்குக் கேன்சர் என்று இடது மார்பை எடுத்தோம். அதற்குப் பிறகு இடது கை தோளிலிருந்து விரல் நுனி வரை வீங்கிவிட்டது, வடியவே இல்லை. ரவிக்கையில் அந்தக் கையை மட்டும் பிரித்து, வேறு துணி ஒட்டுப்போட்டுத் தைத்திருக்கிறாள். அந்தக் கையோடுதான் பள்ளிக்கூடச் சத்துணவில் நூற்றிருபது பிள்ளைகளுக்குச் சமைக்கிறாள். சமைப்பதெல்லாம் வலது கை. இடது கை சும்மா கூட வருகிறது.

இப்போது வலது மார்பிலும் கட்டி. மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன். அங்கே உள்ள டாக்டரம்மா பழைய ஆபரேஷன் குறிப்பை வாங்கிவரச் சொல்லியிருக்கிறார்.

“இந்தக் கையும் அப்படி ஆயிட்டா கரண்டிய எதுல சிஸ்டர் பிடிப்பேன்? வேலைய விட்டு நிப்பாட்டிருவாக” என்றாள்.

“ஒண்ணும் ஆகாது, போ.”

“இந்தத் தடவ தண்ணிக் கொடத்துப் பக்கத்துலயே போக மாட்டேன் சிஸ்டர். அன்னைக்கே நீங்க சொன்னீக, நாந்தான் கேக்கல.”

“அதெல்லாம் இப்ப எதுக்கு” என்று சொல்லிவிட்டு ரெக்கார்டு ரூமுக்குப் போனேன். ஃபைல் உடனே கிடைத்தது. இரண்டு பக்கம். ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தனுப்பினேன். என் கையெழுத்து இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது.

வீட்டில் இவருக்கு மூட்டுத் தைலம் வாங்க மறந்துவிட்டேன். அதற்கு ஒரு முகம்.


ஜூன் 4, செவ்வாய்

மூன்று கேஸ். பீர்க்கங்காய்த் துவையல். எழுத ஒன்றுமில்லை.


ஜூன் 6, வியாழன்

எழுத ஒன்றுமில்லை என்று எழுதினேனே தவிர, இரண்டு நாளாக அந்த ஜெராக்ஸ் தாளைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். இன்று உப்புமாவில் உப்பு இரண்டு தடவை. இவர் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார், அதுவே அதிசயம்.

எங்கள் தியேட்டரில் ஒரு பழக்கம் உண்டு. ஆபரேஷன் குறிப்பை ஆபரேஷனுக்கு முன்னாலேயே எழுதிவிடுவோம். வெளியே சொன்னால் சிரிப்பார்கள், ஆனால் அதற்கும் காரணம் இருந்தது. எங்கள் சர்ஜன் டாக்டர் திருவேங்கடம் தங்கமான கைக்காரர், அவருடைய எழுத்து மட்டும் அவருக்கே புரியாது. இன்சூரன்ஸ்காரர்கள் தாளைத் திருப்பித் திருப்பி அனுப்பினார்கள். அதனால் ஒரு நீள நோட்டில் ஒவ்வொரு ஆபரேஷனுக்கும் ஒரு மாதிரிக் குறிப்பு அவர் சொல்லச் சொல்ல எழுதி வைத்தேன். குடலிறக்கத்துக்கு ஒன்று, பித்தப்பைக்கு ஒன்று, மார்புக்கு ஒன்று. மயக்க டாக்டர் ஆளைத் தூங்க வைக்கிற இருபது நிமிஷம் எனக்குச் சும்மாதானே போகிறது? அதைப் பார்த்து அழகாக எழுதிவிடுவேன். பெயர், வயது, இடதா வலதா, இவ்வளவுதான் மாறும். கடைசி வரி எல்லாவற்றுக்கும் ஒன்றே: சிக்கல் எதுவும் இல்லை. முடிந்ததும் டீ குடித்துக்கொண்டே டாக்டர் கையெழுத்துப் போடுவார்.

உள்ளே ஏதாவது வித்தியாசமாக இருந்தால் அடித்துவிட்டு எழுத வேண்டும் என்பதுதான் பேச்சு. எத்தனை தடவை அடித்திருப்பேன்? விரல் விட்டு எண்ணலாம். தாள் அசிங்கமாகிவிடும் என்று எனக்கே பிடிக்காது.

முப்பிடாதியின் தாளிலும் அதே வரிகள்தான். அக்குளின் பெரிய ரத்தக்குழாய் கண்டறிந்து காக்கப்பட்டது. அமைப்பு வழக்கம்போல். சிக்கல் எதுவும் இல்லை. அதாவது, முப்பிடாதிக்குச் சரியாக மயக்கம் வருவதற்கு முன்னாலேயே அவளுடைய ஆபரேஷன் நல்லபடியாக முடிந்துவிட்டது.

அந்தத் தாளை நம்பித்தான் மதுரையில் அவளுடைய வலது பக்கத்தைத் திறக்கப்போகிறார்கள்.


ஜூன் 9, ஞாயிறு

வேதக்கோயிலில் பிரசங்கம் நாற்பது நிமிஷம். போதகர் ஐயர் என்ன பேசினார் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. நான் ஒரு அக்குளுக்குள் உட்கார்ந்திருந்தேன்.

மார்பில் கேன்சர் என்றால் அக்குளில் இருக்கிற நெறிக்கட்டிகளையும் எடுக்க வேண்டும். அவை கொழுப்புக்குள் புதைந்து கிடக்கும். கையிலிருந்து நெஞ்சுக்கு ரத்தம் திரும்புகிற பெரிய நீலக்குழாய், நாங்கள் வெயின் என்போம், அக்குளில் குறுக்கே ஓடும். சுண்டுவிரல் தடிமன் இருக்கும். அதுதான் வரப்பு. அதற்குக் கீழே உள்ள கொழுப்பை வழித்தெடுக்கலாம், மேலே போகக்கூடாது. வரப்பிலிருந்து கீழே இறங்குகிற சின்னக் கிளைகளைக் கட்டி வெட்டலாம். இதுதான் டாக்டர்கள் படித்துவிட்டு வருகிற படம். நான் படிக்காமல் பார்த்தே கற்றுக்கொண்ட படமும் இதுதான்.

ஆனால் உடம்பு என்ன படத்தைப் பார்த்தா வளர்கிறது? ஒருத்திக்கு, தனித்தனியாகப் பிரிய வேண்டிய தமனிக் கிளைகள் மூன்றும் ஒரே அடியிலிருந்து கொத்தாகக் கிளம்பியதைப் பார்த்திருக்கிறேன். ஒரு லாரி டிரைவருக்கு வெயினுக்கு மேலே குறுக்காக ஒரு தசைப்பட்டை, யாரோ வார் போட்டுக் கட்டிவிட்ட மாதிரி. முகம் ஆளுக்கு ஆள் வேறாக இருப்பதை யாரும் அதிசயமாகச் சொல்வதில்லை. உள்ளே மட்டும் எல்லாரும் ஒன்றுபோல இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் கத்தியை எடுக்கிறோம்.

முப்பிடாதிக்கு இரண்டு இருந்தது. மேலே ஒரு நீலக்குழாய், ஒரு விரல் தள்ளிக் கீழே இன்னொன்று. கீழே இருந்தது மேலே இருந்ததைவிடத் துளி தடிப்பு என்றுகூடச் சொல்வேன். டாக்டர் மேலே இருந்ததைத்தான் முதலில் பார்த்தார். இதுதான் வரப்பு என்று வைத்துக்கொண்டு கீழே இறங்கிவந்தார். இரண்டாவதைப் பார்த்ததும் கை நின்றது.

“இதென்ன சிஸ்டர், ரெண்டு கெடக்கு” என்றார். பிறகு அவரே, “கிளையாத்தான் இருக்கும்” என்றார்.

கிளை இவ்வளவு தடியாக இருக்குமா டாக்டர் என்று கேட்டேன்.

இல்லை. கேட்கவில்லை. யாரும் படிக்காத டைரியில் எதற்குப் பொய்? நினைத்தேன், கேட்கவில்லை. வெளியே இன்னும் இரண்டு கேஸ் காத்திருந்தது. அவர் கையை நீட்டினார், நூலைக் கொடுத்தேன். கிளையைக் கட்ட மெல்லிய பட்டு நூல் போதும். என் கை தடித்த நூலை எடுத்தது. அவரும் ஏன் தடித்ததைக் கொடுக்கிறீர்கள் என்று கேட்கவில்லை. இரண்டு முடிச்சு, நடுவில் ஒரு வெட்டு. ஒரு சொட்டு ரத்தம் சிந்தவில்லை. சிந்தியிருந்தால் அதை ஒரு தப்பு என்று எங்களில் யாராவது சொல்லியிருப்போம்.


ஜூன் 11, செவ்வாய்

பரணில் ஏறி அந்த வருஷத்து டைரியைத் தேடி எடுத்தேன். தும்மல் பிடித்துக்கொண்டது. இவர் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு, “இந்த வயசுல விழுந்தா ஆபரேஷன் டேபிள்ல நீ படுக்கணும்” என்று ஓதிக்கொண்டே இருந்தார்.

அந்தத் தேதியில் எழுதியிருப்பது இது: “நாலு கேஸ். முருங்கைக்காய் சாம்பார். சாயங்காலம் மழை.”

மழையை எழுதியிருக்கிறேன் பாருங்கள்.


ஜூன் 13, வியாழன்

டாக்டரிடம் பேசினேன். கடைசிக் கேஸ் முடிந்து, கையுறையைக் கழற்றிவிட்டு அவர் டீக்கு உட்கார்ந்தபோது.

“சத்துணவு முப்பிடாதிக்கு மதுரைல வலது பக்கம் பண்றாங்க டாக்டர். குறிப்பு கேட்டாங்க, கொடுத்தனுப்பினேன்.”

“சரி.”

“இடது பக்கம் ரெண்டு வெயின் இருந்துச்சே. அது குறிப்புல இல்ல.”

அவர் டீயைக் கீழே வைக்கவில்லை. “ஆறு வருஷம் ஆச்சு சிஸ்டர். எத்தனை அக்குள் பார்த்திருக்கோம்.”

“எனக்கு ஞாபகம் இருக்கு டாக்டர்.”

“அக்குள்ல கட்டி எடுத்தா கை வீங்கறது உண்டு. பத்துல ரெண்டு பேருக்கு வரும். நெறிக்கட்டி போனா நீர் எப்படி வடியும்? இதுக்கு வெயின்தான் காரணம்னு யாரால சொல்ல முடியும்?”

அவர் சொன்னது பொய் இல்லை. அதுதான் இத்தனை வருஷமாக எங்கள் இரண்டு பேருக்கும் வசதியாக இருந்தது.

“காரணம் கேக்கல டாக்டர். வலது பக்கமும் அப்படி இருந்துட்டா?”

“இடது பக்கம் இருந்தா வலது பக்கமும் இருக்கும்னு சட்டமா?”

“இருக்காதுன்னும் சட்டம் இல்லையே.”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். முப்பத்தோரு வருஷத்தில் நான் அவருக்குப் பதிலுக்குப் பதில் பேசியது இல்லை. ஒரே ஒரு தடவை கத்தியை வாங்கி வேறு கத்தி கொடுத்திருக்கிறேன், அதுவும் பேசாமல்.

“அது நீங்க எழுதின குறிப்பு சிஸ்டர்” என்றார், மெதுவாகத்தான்.

“ஆமா டாக்டர். நீங்க போட்ட கையெழுத்து.”

அவர் டீயை ஒரே மடக்காகக் குடித்து முடித்தார். பிறகு அவர், “நான் இப்ப எழுதிக் கொடுத்தா அது கோர்ட்டுக்குத்தான் போகும். இந்த ஆஸ்பத்திரிய நம்பி அறுபது பேர் இருக்காங்க. என்னால முடியாது” என்றார். எழுந்து கதவு வரை போய்விட்டுத் திரும்பாமலே சொன்னார்: “புதன்கிழமை பெரிய கேஸ் ஒண்ணும் இல்ல. லீவு வேணும்னா எடுத்துக்கோங்க.”

மதுரையில் முப்பிடாதியைப் பார்க்கிற டாக்டரம்மாவுக்குப் புறநோயாளி நாள் புதன்கிழமை. அது அவருக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. அவர் மேல் எனக்குக் கோபம் வந்தது, பாவமாகவும் இருந்தது.


ஜூன் 15, சனி

இதை இன்றைக்கு எழுதாவிட்டால் எழுதவே மாட்டேன்.

அந்தக் கை எப்போது வீங்கியது என்று எனக்குத் தெரியும். ஆபரேஷன் முடிந்த மூன்றாவது நாள். வார்டில் கட்டு மாற்றப் போனேன். கை முழுக்கத் தடித்து, லேசாக நீலம் பூத்திருந்தது. கட்டும் துணியும் சுற்றிக் கிடந்ததால் அவளுக்கு வித்தியாசம் தெரியவில்லை. “கனமா இருக்கு சிஸ்டர்” என்றாள். “மருந்து ஏறுதுல்ல, அப்படித்தான் இருக்கும்” என்று சொல்லி, இரண்டு தலையணை வைத்துக் கையைத் தூக்கி வைத்தேன். டாக்டரிடம் சொன்னேன். அவர் வந்து பார்த்துவிட்டு மாத்திரை எழுதினார். நீலம் போய்விட்டது, தடிப்பு கொஞ்சம்தான் குறைந்தது.

நெறிக்கட்டி எடுத்ததால் வருகிற வீக்கம் மூன்றாம் நாளில் அப்படி நீலம் பூத்து வருவதை நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை. அது மெதுவாக, மாசக்கணக்கில் வரும்.

மூன்று மாதம் கழித்து அவளும் வீட்டுக்காரரும் வந்தார்கள். கை இன்னும் பெரிதாகியிருந்தது. டாக்டர் உள்ளே வேறு கேஸில் இருந்தார். அந்த ஆள் வண்டிமலை, பனை மரம் மாதிரி நின்றுகொண்டு, “ஏம்மா இப்படி ஆச்சு? நீங்க ஏதும் பண்ணிட்டீகளா?” என்று வராந்தாவில் எல்லார் முன்னாலும் கேட்டார். நான் முப்பிடாதியைப் பார்த்து, “வீட்டுல தண்ணி எடுத்தியா?” என்றேன்.

“ஒரு நாளு எடுத்தேன் சிஸ்டர். ஆளில்ல.”

“குடம் தூக்காதன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனா இல்லையா? தூக்கினா வீங்காம என்ன செய்யும்?”

சத்தம் போட்டுச் சொன்னேன். வராந்தா முழுக்கக் கேட்டிருக்கும். வண்டிமலை அப்படியே அவள் பக்கம் திரும்பிவிட்டார். அதற்குப் பிறகு எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அந்த நேரத்தில் வாயில் வந்ததைச் சொன்னேன் என்று இத்தனை நாளாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இல்லை. தெரிந்துதான் சொன்னேன். நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.


ஜூன் 16, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. தலைவலி என்று சொன்னேன். இவர் தனியாகப் போய்விட்டு வந்து ஐயர் விசாரித்ததாகச் சொன்னார்.


ஜூன் 19, புதன்

மதுரை போய்வந்தோம், நானும் முப்பிடாதியும். கூட வருகிறேன் என்று சொன்னபோது அவள் பூரித்துப்போனாள். “எனக்காக லீவு போட்டீகளா சிஸ்டர்” என்று பஸ்ஸில் நாலு தடவை கேட்டாள். வடையும் பொட்டலத்தில் கட்டி வந்திருந்தாள், சுட்டது அந்த ஒற்றைக் கை. ஒன்று தின்றேன். மீதியைப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

டாக்டரம்மா பெயர் மெஹர்பானு. நாற்பது வயதுகூட இருக்காது. பேச்சில் ஒரு வார்த்தை கூடுதல் கிடையாது. எங்கள் ஜெராக்ஸ் தாள் மேஜைமேல் கிடந்தது.

“நீங்க யாரு? உறவா?”

“இல்ல டாக்டர். அந்த ஆபரேஷன்ல நான்தான் கருவி எடுத்துக் கொடுத்த நர்ஸ். ஒரு விஷயம் தனியாச் சொல்லணும். முப்பிடாதி, நீ கொஞ்சம் வெளிய இரு.”

அவள் எழுந்தாள். டாக்டரம்மா, “இவங்க உடம்பப் பத்தித்தானே?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். “அப்ப இவங்க இருக்கட்டும். உக்காருங்கம்மா” என்றார்.

இதை நான் எதிர்பார்க்கவில்லை. பஸ்ஸில் வரும்போது மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததெல்லாம் இங்கிலீஷில். கதவுக்கு வெளியே காதில் விழுந்தாலும் முப்பிடாதிக்கு ஒன்றும் புரியாது என்று ஒரு கணக்கு. இப்போது அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். தமிழில்தான் சொன்னேன்.

“இவளுக்கு இடது அக்குள்ல பெரிய வெயின் ஒண்ணு இல்ல டாக்டர், ரெண்டு இருந்துச்சு. கீழ இருந்தத கிளைன்னு நெனச்சுக் கட்டி வெட்டிட்டோம்.”

டாக்டரம்மா ஒரு ஸ்கேன் சீட்டைத் திருப்பிப் போட்டு, அதன் பின்னால் இரண்டு கோடு வரைந்தார். “எவ்வளவு இடைவெளி?” ஒரு விரல் என்றேன். “எங்க சேருது?” நான் பேனாவை வாங்கி, கழுத்தெலும்புக்குப் போகிற வழியில் இரண்டும் கூடுகிற இடத்தை வரைந்து காட்டினேன். வெட்டின இடத்தில் ஒரு குறுக்குக் கோடு போட்டேன். பேனாவைத் திருப்பிக் கொடுத்தேன்.

“குறிப்புல வழக்கம்போல்னு இருக்கே. இத ஏன் அப்பவே எழுதல?”

“அப்பவே இல்ல டாக்டர், அதுக்கு முன்னாடியே எழுதியாச்சு. அது என் கையெழுத்து. இவ மயக்கத்துக்குப் போகும்போதே எழுதி முடிச்சிட்டேன்.”

அவர் பேனாவைக் கீழே வைத்தார். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

“கை எப்ப வீங்குச்சு?”

“மூணாவது நாள்.”

“நிறம் மாறுச்சா?”

“நீலமா இருந்துச்சு.”

அவர் ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டார். பிறகு முப்பிடாதியைப் பார்த்துப் பேசினார். “அம்மா, உங்க இடது கை வீங்கினதுக்கு இந்தக் குழாயக் கட்டினது பெரிய காரணமா இருக்கலாம். முழுக்க அதுதான்னு சத்தியம் பண்ண மாட்டேன். வலது பக்கம் எப்படி இருக்குன்னு முன்னாடியே ஸ்கேன்ல பார்த்துட்டுத்தான் கை வைப்பேன். சிலருக்கு ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும், சிலருக்கு இருக்காது. சிஸ்டர் வந்து சொன்னதால பார்க்கிறேன். இல்லன்னா இந்தத் தாள நம்பியிருப்பேன்.”

முப்பிடாதி சரி என்று தலையாட்டினாள்.

திரும்பும்போது ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டாள். விருதுநகர் போயிற்று. சாத்தூரில் வெள்ளரிக்காய் விற்க வந்தார்கள். வேணுமா என்று கேட்டேன். என்னைப் பார்க்காமலே பேசினாள்.

“மூணாவது நாளுன்னா நான் ஆஸ்பத்திரி கட்டில்லதான சிஸ்டர் கெடந்தேன்?”

“ஆமா.”

“அங்க ஏது கொடம்?”

மன்னிச்சிரு முப்பிடாதி என்றேன். அவள் அது காதில் விழாத மாதிரி, தன்பாட்டுக்குப் பேசிக்கொண்டே வந்தாள். ஆறு வருஷமாக வீட்டில் எது கெட்டாலும் அந்தக் குடம்தானாம். மாடு செத்ததற்கும், மகள் கல்யாணத்துக்குப் பந்தி பரிமாற ஆள் வைத்ததற்கும் வண்டிமலை அதைத்தான் சொல்வாராம், சொன்ன பேச்சு கேட்காத கழுதை என்று. மகளுக்குப் பிள்ளை பிறந்தபோது, “ஒனக்குத்தான் சொன்னா ஏறாதே, கீழ போட்டுருவ” என்று பிள்ளையை மடியில் வைக்கவில்லையாம். “நானும் கேக்கல சிஸ்டர். நம்ம மேலதான தப்புன்னு இருந்துட்டேன்” என்றாள்.

எங்கள் ஊரில் இறங்கியதும் செருப்பைச் சரியாக மாட்டிக்கொண்டு, வாறேன் என்றுகூடச் சொல்லாமல் நடந்து போய்விட்டாள். மீதி வடை என் பையிலேயே இருந்தது.


ஜூன் 22, சனி

டாக்டர் மெஹர்பானு போன் செய்தார். ஸ்கேனில் வலது பக்கம் ஒரே வெயின்தானாம். புத்தகத்தில் இருக்கிற மாதிரியே.

இவரிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன். “அப்ப நீ சும்மா இருந்திருக்கலாம்” என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எனக்கும் முதலில் அதுதான் தோன்றியது, அதுதான் எரிச்சல். நாலு வெங்காயம் கூடுதலாக நறுக்கினேன்.


ஜூன் 27, வியாழன்

ஆபரேஷன் முடிந்தது. கை விரல்கள் நல்ல நிறமாக இருக்கிறதாம். “ஒரே குழாய்தான் சிஸ்டர். ஆனா ஒவ்வொரு கிளையையும் எங்கிருந்து வருதுன்னு பார்த்துப் பார்த்துத்தான் கட்டினேன், கூட முக்கால் மணி நேரம் ஆச்சு” என்றார் டாக்டரம்மா. நன்றி சொல்லிவிட்டுச் சேலைத் தலைப்பில் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். தியேட்டரில் யாரும் பார்க்கவில்லை.


ஜூன் 30, ஞாயிறு

மூன்றாவது நாள். காலையிலிருந்து போனைக் கையிலேயே வைத்திருந்தேன். மதுரை வார்டு நர்ஸிடம் கேட்டேன். கை சாதாரணமாக இருக்கிறது, வீக்கம் இல்லை என்றாள். நீங்கள் யார் என்று கேட்டாள். தெரிந்தவள் என்றேன்.


ஜூலை 1, திங்கள்

மெக்கானிக் ஒருவழியாக வந்தான்.

டாக்டர் அந்த நீள நோட்டைக் கேட்டு வாங்கி மேஜை இழுப்பறையில் போட்டுப் பூட்டிவிட்டார். இன்றைய பித்தப்பைக் கேஸுக்கு ஆபரேஷன் முடிந்த பிறகு அவரே உட்கார்ந்து குறிப்பு எழுதினார். ஒரு எழுத்தும் படிக்க முடியவில்லை. இன்சூரன்ஸ்காரர்கள் எப்படியும் திருப்பி அனுப்புவார்கள். மதுரை என்ன ஆயிற்று என்று அவர் கேட்கவில்லை. நானாகவே, “கை நல்லா இருக்காம் டாக்டர்” என்றேன். தலையை மட்டும் அசைத்தார்.


ஜூலை 7, ஞாயிறு

கோயில் முடிந்து வந்தபோது போன். முப்பிடாதி. பஸ்ஸிலிருந்து இறங்கிப் போன பிறகு அவள் குரலை இப்போதுதான் கேட்கிறேன்.

“வீட்டுக்கு வந்துட்டேன் சிஸ்டர்.”

“கை எப்படி இருக்கு?”

“கை கெடக்கட்டும். நீங்க இன்னைக்கு எங்க வீட்டுக்கு வரணும். வந்து அவுககிட்ட சொல்லணும்.”

“என்ன சொல்லணும்?”

“டாக்டரம்மாகிட்டச் சொன்னீகள்ல, அத.”

யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். “நான் சொன்னா நம்ப மாட்டாக. கொடம் தூக்குனேன்னு சொன்னது நீங்க. இல்லன்னும் நீங்கதான் சொல்லணும்” என்றாள். கெஞ்சவில்லை, கோபமாகவும் சொல்லவில்லை. இத்தனை வருஷத்தில் அவள் என்னிடம் கேட்ட ஒரே காரியம் இதுதான். வருகிறேன் என்றேன்.

இவர் கூட வருகிறேன் என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஆட்டோவில் போனேன். ரயில்வே கேட்டுக்குத் தெற்கே மூன்றாவது தெரு. நாலு மணி வெயிலில் வாசலில் கட்டில் போட்டு வண்டிமலை உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து துண்டால் கட்டிலைத் தட்டிவிட்டு, “வாங்கம்மா, உக்காருங்க. மதுரைக்கெல்லாம் கூடப் போயிருக்கீக” என்றார். அந்த மரியாதை எனக்குத் தாங்கவில்லை. நின்றுகொண்டே சொன்னேன்.

“வண்டிமலை, முப்பிடாதி கை குடம் தூக்கினதால வீங்கல. ஆபரேஷன்ல நாங்க ஒரு ரத்தக்குழாயக் கட்டிட்டோம். அவ உடம்புல அது கூடுதலா ஒண்ணு இருந்துச்சு, நாங்க கிளைன்னு நெனச்சுட்டோம். மூணாவது நாளே, ஆஸ்பத்திரியிலயே வீங்கிருச்சு. அது எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் அன்னைக்கு உங்ககிட்ட குடம்னு பொய் சொன்னேன். தப்பு எங்களோடது. இவமேல ஒரு தப்பும் இல்ல.”

அவர் என்னைப் பார்த்தார். அடிக்க வருவார் என்று நினைத்தேன். வந்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். ஆனால் அவர் அப்படியே கட்டிலில் உட்கார்ந்து, துண்டை மடியில் வைத்து மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். முப்பிடாதி நடையில் சுவரில் சாய்ந்து நின்றாள். வலது பக்கம் கட்டு, இடது பக்கம் அந்தக் கை. அவள் அவரைப் பார்க்கவில்லை.

பக்கத்து வீட்டில் இரண்டு பெண்கள் வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தார்கள். தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தவளும் குழாயை மூடிவிட்டு நின்றாள். போய்விடலாம் என்று பையை எடுத்தேன்.

“இன்னொரு தடவ சொல்லுங்க சிஸ்டர்” என்றாள் முப்பிடாதி. “எம் மக அடுக்களைல பிள்ளைய வச்சுக்கிட்டு நிக்கா. அவளுக்குக் கேக்கணும்.”

பையைக் கீழே வைத்தேன். அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் எவ்வளவு சத்தமாகச் சொன்னேனோ, அவ்வளவு சத்தமாக முதலிலிருந்து சொன்னேன்.